எட்டாங்கிளாஸ்ல ஒரு இடம்

இல்லங்க, அந்த நாற்காலி வேணாம், அங்க உக்காந்தா ஏசி நேரா மண்டைல அடிக்கும். இப்படி வாங்க, என் பக்கத்துல. பையை எடுத்துடுறேன். உங்க பிள்ளை எட்டாங்கிளாஸுக்கா? அப்ப உங்களுக்கு நேத்து போன் வந்திருக்கும். ஒரு இடம் காலியாகுற மாதிரி இருக்கு, வந்து உக்காருங்க, அந்தப் பிள்ளையோட அம்மா வந்து சொல்லிட்டாங்கன்னா இடம் உங்களுக்குத்தான்னு. ம். அப்படித்தான் சொல்வாங்க. இங்க போன்ல சொன்னா எடுபடாது. சேக்குறதும் நேர்ல, எடுக்குறதும் நேர்ல. பெத்தவங்க வாயால சொல்லணும்.

நானா? எனக்கு உள்ள ஒரு சின்ன வேலை. போகணும். போறேன், என்ன அவசரம் இப்ப.

என் பேர் மார்செலா. எம்பொண்ணு பிலார். அவளும் எட்டாங்கிளாஸ்தான். உங்களது பையனா? டீகனா? நல்ல பேரு. ரெண்டு வருஷமா வரிசைல நிக்கிறீங்களா! ஐயோ பாவம். எனக்குத் தெரியும்ங்க அந்தக் கஷ்டம். பீஸ் கிடையாது, அரசாங்கப் பணம்தான், யாரு வேணா மனு போடலாம்னு சொல்வாங்க. ஆனா குலுக்கல்ல பேர் வரணுமே! நாங்க போட்ட வருஷம் ஜிம்முல வச்சுக் குலுக்குனாங்க. நான் மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டு வந்து உக்காந்திருந்தேன். பிலார்னு பேரைப் படிச்சதும் நான் போட்ட கூச்சல் இருக்கே, ஹெட்மாஸ்டர் மைக்ல, அம்மா தயவுசெஞ்சு உக்காருங்க, இன்னும் பேர் வராதவங்க நிறைய பேர் இருக்காங்கன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. எங்கண்ணன் பெத்தோ தலையக் குனிஞ்சுக்கிட்டான். எனக்கென்ன வெக்கம்!

அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்திருக்காங்களே, அவங்கதான் ஆபீஸ் பாக்குற மிஸ் ஓடம். ஏன் இப்படியே பாக்குறாங்கன்னு கேக்காதீங்க. அவங்க பார்வையே அப்படித்தான். இருங்க, கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வந்துடுறேன்.

ஆங், எங்க விட்டேன்? ஸ்கூல் எப்படின்னு கேட்டீங்க. எப்படிச் சொல்ல? முதல் வருஷம் சிரிப்பா இருந்துச்சு. பெரியவங்க யாரு உள்ள வந்தாலும் பிள்ளைங்க எழுந்து நிக்கணும் இங்க. எங்க வீட்டுக் குழாய் ரிப்பேர் பண்ண ஒரு ஆள் வந்தான். இவ சாப்பிட்டுக்கிட்டிருந்தவ சடார்னு எழுந்து, வணக்கம் ஐயான்னு நிக்கிறா. அந்தாளு வெலவெலத்துப் போயிட்டான். தப்பான வீட்டுக்கு வந்துட்டேனோன்னு பேப்பரை எடுத்துப் பாக்குறான்! போன் கூடாது. பாவாடை முட்டிக்குக் கீழ இருக்கணும். நீளநீளமா பாட்டு மனப்பாடம் பண்ணணும். அப்புறம் லத்தீன். எங்களுக்கு ஒரு டயர் கடை இருக்குங்க, தெக்குப் பக்கம், அண்ணனோடது. கவுண்டர் நான் பாக்குறேன். அங்க டயர் அடுக்குக்கு மேல உக்காந்துக்கிட்டு லத்தீனை உருப்போடுவா. நட்டு கழட்டுற மெஷின் சத்தம் ஒரு பக்கம், இவ சத்தம் ஒரு பக்கம். டயர் மாத்துறவனுக்கு லத்தீன் பேசுற மருமக எதுக்குடின்னு அண்ணன் கேப்பான். கேட்டுட்டு, வர்ற கஸ்டமர்கிட்டயெல்லாம் அவளைப் பேசிக் காட்டச் சொல்வான். பெருமை தாங்காது அவனுக்கு.

நான் ஏன் ஆசைப்பட்டேன்னா, எங்க காலத்துல ஸ்கூல்ல எங்களை யாரும் யோசின்னு சொன்னதே இல்லைங்க. பரிச்சைத் தாள்ல விடைக்கு நேரா வட்டத்தைக் கருப்படி, வட்டத்தைக் கருப்படின்னுதான் சொன்னாங்க. பன்னிரண்டு வருஷம் வட்டத்தைக் கருப்படிச்சுட்டு வெளிய வந்தேன். எம்பொண்ணு பேசணும், வாதாடணும், எவன் முன்னாடியும் முழிக்கக்கூடாதுன்னு நெனச்சேன். தினம் விடியக்காலம் ஊரோட அந்தக் கோடிலேர்ந்து இந்தக் கோடிக்கு வண்டி ஓட்டுனேன். வழில ஒரு கடைல முட்டை டாக்கோ வாங்கி அவ கைல குடுத்துடுவேன். அவ திங்கிறதும் படிக்கிறதும் என் வண்டிலதான்.

வாதாடுறதைப் பத்தி உங்களுக்குச் சொல்லியே ஆகணும். இங்க அதுக்கு ஒரு விதி இருக்கு. டீகன் வந்த அன்னிக்கே கத்துக்குடுத்துடுவாங்க. எல்லாரும் ஒரு பெரிய மேஜையைச் சுத்தி உக்காருவாங்க. ஒருத்தன் ஒண்ணு சொல்றான்னு வைங்க. உங்களுக்கு அது பிடிக்கல. உடனே எதுத்துப் பேசிட முடியாது. முதல்ல அவன் என்ன சொல்றான்னு நீங்க சொல்லணும். சும்மா ஒப்புக்குச் சொன்னாப் பத்தாது, அவனைவிட நல்லாச் சொல்லணும். அவன் ஞாயம் எதையும் விடக்கூடாது. சொல்லிட்டு, சரியாச் சொன்னேனான்னு கேக்கணும். அவன் தலையாட்டுனாத்தான் உங்க கட்சியைப் பேச விடுவாங்க. ஆட்டலைன்னா திரும்ப முதல்லேர்ந்து. வெஸ்ட்கோட்னு ஒரு வாத்தியார், அவருக்கு இதுதான் உயிரு. ஒரு நாள் முழுக்க ஒருத்தனும் தலையாட்டாம, மணி அடிச்சு எல்லாரும் எழுந்து போயிருக்காங்களாம்.

நல்ல விஷயம்தானே? நானும் அப்படித்தான் நெனச்சேன். வீட்டுக்கு வர்ற வரைக்கும்.

எங்கண்ணனோட ஃபுட்பால் டீம் இருக்கே, அதைப் பத்தி ஒரு வார்த்தை பேச முடியாது அவன்கிட்ட. தோத்துட்டாங்கன்னா ரெண்டு நாளைக்கு எரிஞ்சு விழுவான். ஒரு நாள் பிலார் அவன் முன்னாடி ஸ்டூலைப் போட்டு உக்காந்துட்டா. மாமா, நீங்க ஏன் அந்த டீமை விடமாட்டேங்குறீங்கன்னு நான் சொல்றேன்னு ஆரம்பிச்சா. சின்ன வயசுல அண்ணன் எங்கப்பாவோட உக்காந்து பாத்தது, அவரு செத்த வருஷம் அவங்க ஜெயிச்சது, எல்லாத்தையும் சொல்றா. அண்ணன் கண்ணு கலங்கிடுச்சு. ஆமாண்டி என் தங்கமே, அதேதான்னு மண்டையை ஆட்டுறான். ஆட்டுன மறுநிமிஷம் பிடிச்சா பாருங்க! அந்த டீமை அக்கு அக்காக் கழட்டி வச்சுட்டா. அண்ணன் கையைத் தூக்கிட்டான். அந்தப் பொண்ணுகிட்ட தலையை மட்டும் ஆட்டிடாத மார்செலான்னு என்கிட்ட சொன்னான். கடையே சிரிச்சுது.

ம்? பிலார் இப்ப கிளாஸ்ல இருக்காளான்னா கேக்குறீங்க?

இல்ல. அவ... இங்க இல்ல. இந்த வாரம் வரல. காய்ச்சல்னு சொல்லியிருக்கேன்.

காய்ச்சல் இல்லைங்க. உங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்லணும், யாரோ எவரோ நீங்க. அவ அப்பாகிட்ட இருக்கா. எஃப்ராயின்னு பேரு. எங்களுக்கு ஒத்து வரல, பிரிஞ்சுட்டோம், அவ சின்னப் பிள்ளையா இருக்கும்போதே. அவன் அமரில்லோ பக்கம் போயிட்டான். காத்தாடி மெஷின் இருக்குல்ல, கரண்டு எடுக்குறது, அதுல ஏறி வேலை பாக்குறான். ஒரு பகல் முழுக்க வண்டி ஓட்டணும் அங்க போக. இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிட்டான். கைக்குழந்தை ஒண்ணு. லாரோன்னு பேரு வச்சிருக்காங்க. இந்த வருஷம் திடீர்னு பிலாரை என்கிட்ட அனுப்புன்னு கேஸ் போட்டான். போடட்டும், எங்க வக்கீலம்மா சிரிச்சாங்க. பொண்ணு எந்த ஸ்கூல்ல படிக்கிறான்னு சொன்னாலே போதும், ஜட்ஜு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கமாட்டாருன்னாங்க. நான் நிம்மதியா இருந்தேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை காலைல, பூசை முடிஞ்சு, பார்பகோவா இறைச்சி வாங்கிட்டு வந்து மேஜைல வச்சிருக்கேன். அம்மா, உக்காருங்க, ஒரு விஷயம் பேசணும்னா. ஆறிடும்டி, சாப்பிட்டுட்டுப் பேசுன்னேன். இல்லம்மா, முதல்ல உங்க கட்சியை நான் சொல்லிடுறேன்னா. அண்ணன் சொன்னது அங்கேயே ஞாபகம் வந்துச்சுங்க. ஆனா சிரிச்சேன். சொல்லுடி என் வக்கீலேன்னேன்.

சொன்னா பாருங்க. அப்பா போனப்ப நீங்கதான் இருந்தீங்க, கூட இருந்தவங்களுக்குத்தான் பிள்ளைன்னா. எனக்காக ஊரைக் குறுக்க வெட்டி வண்டி ஓட்டுனீங்க, உங்களுக்குக் கிடைக்காததை எனக்குத் தேடிக் குடுத்தீங்க, அங்க இப்படி ஒரு ஸ்கூல் இல்லன்னா. அதெல்லாம் நான் சொல்றதுதான். அதோட விடல. நான் யாருகிட்டயும் சொல்லாததையும் சொன்னா. நான் போயிட்டா நீங்க ராத்திரி சமைக்கமாட்டீங்க, அடுப்புகிட்ட நின்னுக்கிட்டே டப்பாலேர்ந்து எதையாவது அள்ளித் தின்னுட்டுப் படுத்துடுவீங்க, அதை நெனச்சாத்தான் உங்களுக்குப் பயம், அதை நீங்க ஜட்ஜுகிட்ட சொல்லமாட்டீங்க, அதனால நான் சொல்றேம்மான்னா. சரியாச் சொன்னேனான்னு கேட்டா.

மாதாவே! என்னால அழுகையை அடக்க முடியல. இவ்வளவு தெரிஞ்ச பொண்ணு என்னை விட்டுட்டு எங்க போகப் போறான்னு நெனச்சேன். ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேங்க. தலையாட்டிட்டேன்.

அப்புறம் அவ கட்சி. கோபமே இல்லைங்க அவ குரல்ல. லாரோ நடக்க ஆரம்பிச்சுட்டான்மா, போன்ல என்னைப் பாத்தா திரையை நக்குறான், அவனுக்கு நான் ஒரு போனு, அவ்வளவுதான்னா. கூடப்பொறந்தவன்னு எனக்கு இருக்குறது அவன் ஒருத்தன்தான், நான் காலேஜ் போயிட்டேன்னா அப்புறம் அவனும் நானும் யாரோதான்னா. உங்களுக்கு பெத்தோ மாமா இருக்காரு, தினம் சண்டை போடுறீங்க, எனக்கு அப்படிச் சண்டை போட ஒரு ஆள் வேணும்மான்னா. லத்தீன் என்னடி ஆகிறதுன்னு கேட்டேன். வேற என்ன கேக்குறதுன்னு தெரியாமக் கேட்டேன். அது ஏற்கெனவே செத்த மொழிதானே, எங்கயும் ஓடிப்போகாதுன்னா. எனக்கு அந்த நேரத்துலயும் சிரிப்பு வந்துடுச்சு. பாவி.

சிரிக்கிறீங்க. சிரிங்க. ஆனா கேளுங்க. இப்ப நான் எதுத்துப் பேசணும்னா, அவ கட்சியை முதல்ல நான் சொல்லணும். விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே. போடி உன் விதியும் நீயும்னு சொல்லியிருக்கலாம். அம்மாதானே நான். எனக்குன்னா ரோஷம், நம்மாலயும் முடியும்னு. சொல்ல ஆரம்பிச்சேன். உனக்கு ஒரு தம்பி இருக்கான்னு சொன்னேன். அவனுக்கு உன்னைத் தெரியல, தெரிஞ்சுக்க நேரம் இப்பதான் இருக்குன்னு சொன்னேன். நான் இங்கயே இருப்பேன், அவன் இந்த வயசுலயே இருக்கமாட்டான்னு சொன்னேன். அதை அவ சொல்லவே இல்லைங்க! என் வாயிலேர்ந்து தானா வந்துச்சு. அவ தலையாட்டுனா. அதுக்கு மேல நான் ஆனா-ன்னு ஆரம்பிக்கணும். வாயைத் திறந்தா ஒண்ணும் வரல. இறைச்சி கொழுப்பு வெள்ளையா உறைஞ்சு போச்சு.

மறுநாள் வக்கீலம்மாவைக் கூப்பிட்டு கேஸ் வேணாம், அனுப்புறேன்னு சொல்லிட்டேன். உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சான்னாங்க. சனிக்கிழமை எஃப்ராயின் வண்டியோட வந்து அவளைக் கூட்டிட்டுப் போயிட்டான்.

எனக்கு ஆத்திரம் எதுல தெரியுமா? வேற ஏதாவது ஸ்கூல்ல படிச்சிருந்தா கதவைப் படார்னு சாத்திட்டு, உன்னைப் பிடிக்கல, நான் போறேன்னு கத்தியிருப்பா. நானும் ரெண்டு போடு போட்டு, எங்க போயிடுவ பாக்குறேன்னு சொல்லியிருப்பேன். கேஸ்ல ஜெயிச்சிருப்பேன். எம்பொண்ணு இப்ப என் வீட்டுல இருந்திருப்பா. நானேதானே கொண்டு வந்து சேத்தேன், மெழுகுவத்தி ஏத்தி வேண்டிக்கிட்டு!

அவளே வெஸ்ட்கோட் வாத்தியாருக்குப் போன் பண்ணி விவரம் சொல்லிட்டா. அவருக்குச் சொல்லாமப் போக அவளுக்கு மனசு வரல. அவரு ஆபீஸ்ல சொல்லிட்டாரு. ஆபீஸ்ல இருக்குறவங்களுக்குப் பொறுக்குமா, வரிசைல அடுத்து யாருன்னு பாத்து உடனே போனைப் போட்டுட்டாங்க.

ஆமாங்க. அந்த இடந்தான். அந்த அம்மா நான்தான். மிஸ் ஓடம் என்னைப் பாத்துப் பாத்து முழிக்கிறது அதுக்குத்தான். வந்ததுலேர்ந்து ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாங்க, இதோ வர்றேன் இதோ வர்றேன்னு தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கேன். அவங்களுக்கும் புரியுது.

ஐயய்யோ, நீங்க எதுக்கு எழுந்திருக்கீங்க? மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க. உங்க மேல என்ன தப்பு? உக்காருங்க. இல்ல, உக்காராதீங்க. நின்னது நின்னபடி இருங்க, நானும் எழுந்துடுறேன்.

சேக்கலாமான்னு கேக்குறீங்களா? என்கிட்டயா? சேருங்க. ரெண்டு வருஷம் காத்திருந்துட்டு என்ன கேள்வி இது! நல்ல ஸ்கூலுங்க. சத்தியமா நல்ல ஸ்கூல்.

வாங்க, ரெண்டு பேரும் சேந்தே போவோம். நான், பிலார் இனிமே வரமாட்டான்னு சொல்லுவேன். சொல்லி முடிச்ச அடுத்த நொடியே நீங்க டீகன் பேரைச் சொல்லிடணும். நடுவுல இடைவெளி விடாதீங்க, கேட்டீங்களா? என் முகத்தைப் பாத்து நிக்காதீங்க. நிறுத்துனீங்கன்னா நான் மாத்திச் சொல்லிடுவேன்.