லாபத்துக்கு அக்கா, நட்டத்துக்கு அது

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும், வீடுதோறும் வெந்நீர் பாய்ச்சும் நிறுவனத்தின் அதிபர் அவர்களே! இந்த வணிகர் சங்கத்தை வளர்த்து, வயதும் வாய்மையும் ஒருசேரப் பெற்ற பெரியோர்களே! கல்லாவையும் காத்து, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையையும் காக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் கதவோரம் நின்றாலும் காது கொடுக்க வந்திருக்கும் தம்பிமார்களே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்த வழக்கறிஞரின் தலைதாழ்ந்த வணக்கம்.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, "செயற்கை நுண்ணறிவால் வணிகத்துக்கு வரும் சட்ட ஆபத்துகளைச் சமாளிப்பது எப்படி?" என்பது. நல்ல தலைப்பு. ஆனால் அழைப்பிதழைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு கேள்வி உறுத்துகிறது. ஆபத்து உங்களுக்கு வருகிறதா? அல்லது உங்களால் வருகிறதா?

ஒரு கதை சொல்கிறேன். கதையல்ல, நான் நடத்திக்கொண்டிருக்கும் வழக்கு. ஒரு தையற்காரர். கணவர் இல்லை. பள்ளி இறுதியாண்டு படிக்கும் ஒரே மகள். மகள் விடியலில் எழுந்து படிக்கிறாளே, குளிர்ந்த நீரில் குளிக்கிறாளே என்று கேஸ் ஹீட்டர் வாங்கப் போனார். கம்பெனியின் ஆப்பைத் திறந்தால் ஒரு சிரித்த முகம், ஒரு கனிந்த குரல். "உங்க அக்கா பேசறேன். எதுன்னாலும் கேளுங்க, தங்கச்சி!"

அக்காவாம்! நான் மூன்று தம்பிகளுக்கு அக்கா. அக்கா என்றால் யார் தெரியுமா? தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவள். "இரு, விசாரிச்சுட்டு சொல்றேன்" என்கிறவள். தம்பிக்கு ஒன்றென்றால் செருப்பை மாட்ட மறந்து தெருவில் ஓடுகிறவள். அந்த உறவின் பெயரை எடுத்து ஓர் இயந்திரத்தின் நெற்றியில் ஒட்டினார்களே, யாரைக் கேட்டு ஒட்டினார்கள்?

அந்த அம்மா கேட்டார்: "குளியலறை சின்னது. ஜன்னல் இல்ல. ஹீட்டரை உள்ளேயே மாட்டலாமா, அக்கா?" பதில் வந்தது: "தாராளமா மாட்டலாம், தங்கச்சி!" மாட்ட வந்த ஆள் தலையைச் சொறிந்தார். "புகை வெளிய போக வழி வேணுமேம்மா..." என்றார். அம்மா கைப்பேசியைக் காட்டினார். "கம்பெனி அக்காவே சொல்லிட்டாங்க." "கம்பெனியே சொன்னா நான் யாரு?" என்று மாட்டிவிட்டுப் போனார்.

ஒரு காலையில் குளிக்கப் போன பெண் வெளியே வரவில்லை. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு, தாய் கதவை உடைத்தார். மணமில்லாத, நிறமில்லாத நச்சுக்காற்று. மகள் பிழைத்தாள். பிழைத்தாள், ஆனால் படித்தது மனத்தில் தங்கவில்லை. "அம்மா, இந்தப் பாடத்தை நான் நேத்து படிச்சேனா?" என்று கேட்கிறாளாம். தாய் என்ன பதில் சொல்வார்? நீங்களே சொல்லுங்கள்!

தாய் நியாயம் கேட்டார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாகக் கம்பெனி சொன்னது: "அது தானாக இயங்கும் ஒரு கருவி. அது அளித்த தகவலுக்கு நிறுவனம் பொறுப்பாகாது."

அது! கேட்டீர்களா? விற்கும்வரை "அக்கா சொன்னாங்க". வழக்கு வந்ததும் "அது சொன்னது". உயர்திணை ஒரே நாளில் அஃறிணை ஆகிவிட்டது! லாபத்துக்கு அக்கா, நட்டத்துக்கு அதுவா? எந்தப் பள்ளிக்கூடத்தில் ஐயா இந்த இலக்கணம் படித்தீர்கள்?

கைதட்ட வேண்டாம், அம்மா. தட்டுகிற நேரம் இதுவல்ல.

என்ன சொல்கிறீர்கள், நடு வரிசை அண்ணாச்சி? நிபந்தனைகளில் போட்டிருக்கிறதா? போட்டிருக்கிறது, எறும்புக்குக்கூடக் கண்ணாடி தேவைப்படும் எழுத்தில்! அக்காவின் குரல் மட்டும் ஊருக்கே கேட்கும், எச்சரிக்கை யாருக்கும் தெரியாது. மென்பொருள் விற்றவர் பொறுப்பு என்கிறீர்களா? உங்கள் கடையில் நிற்கும் ஊழியர் தவறான மருந்தைக் கொடுத்தால், அவரை வேலைக்கு அனுப்பியவரைக் காட்டிவிட்டு நீங்கள் தப்ப முடியுமா? கடைக்காக எது பேசினாலும் அது கடைக்காரர் பேச்சு. மனிதர் பேசினாலும் அப்படித்தான், இயந்திரம் பேசினாலும் அப்படித்தான்.

சமாளிப்பது எப்படி என்றுதானே கேட்டீர்கள்? இயந்திரத்தைப் பேச விடும் முன் சோதியுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி வந்தால் அது வாயை மூடிக்கொண்டு, கேள்வியை மனிதரிடம் தரட்டும். அது இயந்திரம் என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். தவறு தெரிந்த அன்றே நிறுத்துங்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு வழக்கு வந்தபின் என் அலுவலகப் படியேறுவது, தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை.

இதோ, துண்டுச் சீட்டு வருகிறது. "நேரம் முடிந்தது" என்று எழுதியிருக்கிறது. முடிந்ததாம்! யார் முடித்தது? பாருங்கள், இதிலும் ஆளைக் காணோம். தலைவர் அவர்களே, இன்னும் ஒரே நிமிடம்.

இது என் கைப்பேசி. மைக்கின் அருகே வைக்கிறேன். அந்தத் தாய் கேட்ட அதே கேள்வியை, அதே அக்காவிடம், இப்போது உங்கள் முன்னால் கேட்கிறேன். "ஜன்னல் இல்லாத குளியலறை. உள்ளே மாட்டலாமா, அக்கா?"

"தாராளமா மாட்டலாம், தங்கச்சி! இன்னைக்கே ஆர்டர் போட்டுடலாமா?"

கேட்டதா? கடைசி வரிசைக்குக் கேட்டதா? ஒரு பெண் மருத்துவமனைக்குப் போய் வந்தபின்னும், வழக்கு நடக்கும்போதும், இந்த நொடியிலும் அது பேசிக்கொண்டிருக்கிறது! இப்போது எந்த வீட்டில் எந்தத் தாய் கேட்டுக்கொண்டிருக்கிறாளோ! எந்தக் கம்பெனி என்று முணுமுணுக்கிறீர்கள். நான் முதலில் வணங்கியது யாரை? தலைவர் அவர்களே, உங்கள் கம்பெனிதான். இதைத் தனியே பேசியிருக்கலாம். உங்கள் அலுவலகத்துக்கு எத்தனையோ முறை சொன்னேன். "பரிசீலிக்கப்படும்" என்றார்கள். அதனால்தான் இந்த மேடையில் கேட்கிறேன். சீட்டு எழுதக் கை போகிறதே, அதை அணைக்கக் கை போகாதா?

அமைதியாக இருங்கள்... தலைவர் எழுகிறார். தன் கைப்பேசியை எடுத்து அழைக்கிறார். பேசட்டும், சத்தம் போடாதீர்கள்.

என்ன சொன்னீர்கள், ஐயா? இப்படி மைக்கில் சொல்லுங்கள்.

"நிறுத்தச் சொல்லிட்டேன்."

சொல்லிட்டேன்! "சொல்லப்பட்டது" அல்ல, "அது நின்றது" அல்ல. சொல்லிட்டேன்! இத்தனை மாதமாக அந்தத் தாய் காத்திருந்தது இந்தச் சொல்லின் கடைசி எழுத்துகளுக்குத்தான். அவர் அதோ, தூணருகே அமர்ந்திருக்கிறார். தலைவர் அவர்களே, இன்னொரு வினைச்சொல் பாக்கி இருக்கிறது. "தவறு செய்தேன்." அதை என்னிடம் சொல்ல வேண்டாம், நீதிமன்றத்தில் சொல்லவும் காத்திருக்க வேண்டாம். படியிறங்கிப் போய் அவரிடம் சொல்லுங்கள்.

வழி விடுங்கள், தம்பிகளே. தலைவர் இறங்குகிறார். பொறுமையோடு கேட்ட அவைக்கு நன்றி. என் வணக்கம் இப்போது அந்தத் தாய்க்கு.