சாவிக்கு உரியாத மஞ்சள்

இந்த நாற்காலிக்குப் பெயிண்ட் அடித்தவர் யாரென்று தெரியவில்லை ஐயா, ஆனால் கழுவாமல் அடித்திருக்கிறார். கைப்பிடியில் என் விரல் பட்ட இடமெல்லாம் உரிகிறது, பாருங்கள். பிளாஸ்டிக் என்றால் எல்லோருக்கும் இளப்பம். மரத்துக்கும் இரும்புக்கும் காட்டுகிற மரியாதையை அதற்குக் காட்டுவதில்லை.

என் தங்கை கணவர் தொட்டிக்குள் இறங்கி உயிரோடு திரும்பாததைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். மறைக்கிற உத்தேசம் எனக்கு இல்லை. ஆனால் பெட்டியிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்கள் நிறுவனம் பெரிய மூடிய தொட்டிகளுக்குள் ஆட்களை இறக்கிப் பழுது பார்க்கிறது. உள்ளே சுவாசிக்கத் தகுந்த காற்று இருக்காது. முதுகில் மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டுதான் இறங்குவார்கள். அருமையான கருவி ஐயா. நாம் வெளியே விடும் மூச்சை அது வீணாக்காது. ஒரு சுண்ணாம்புக் குடுவை வழியாக அனுப்பி, கெட்ட காற்றை உறிஞ்சி, கொஞ்சம் ஆக்சிஜன் சேர்த்து நம்மிடமே திருப்பிக் கொடுத்துவிடும். கஞ்சனுக்குச் சொந்தக்காரன். ஒரே ஒரு சங்கடம், உழைத்து ஓய்ந்த சுண்ணாம்பு மறுபடி உறிஞ்சாது. எங்களுக்கு வருவதில் புதுசுக்கும் ஓய்ந்ததற்கும் பார்வையில் வித்தியாசம் கிடையாது. கருவியில் இருக்கும் முள் ஆக்சிஜன் அளவைக் காட்டும், சுண்ணாம்பைப் பற்றி வாயைத் திறக்காது.

பெரிய மனிதர்கள் கூடிக் கூடிப் பேசி, கடைசியில் வர்ணம் என்று முடிவு செய்தார்கள். கருவி வைக்கும் பெட்டிகள் கெட்டி பிளாஸ்டிக், கறுப்பாக வரும். புதுச் சுண்ணாம்பு போட்ட கருவிக்கு மஞ்சள் பெட்டி. உபயோகித்துச் சுண்ணாம்பு மாற்றக் காத்திருக்கும் கருவிக்குச் சாம்பல் பெட்டி. பெயிண்ட் அடிப்பவன் நான்.

முதல் தடவை உரிந்தது. ஒப்புக்கொள்கிறேன். "அடிச்சா ஒட்டாதா என்ன, நாளைக்குப் பார்வையிட வர்றாங்க" என்று மேலாளர் நின்றுகொண்டே அடிக்க வைத்தார். அந்த ஜாதிப் பிளாஸ்டிக் மெழுகு மாதிரி, எதையும் ஒட்டவிடாது. போதாக்குறைக்கு, அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வருவதற்காக மேலே ஒரு வழவழப்பு வேறு பூசியிருப்பார்கள். முதலில் பாத்திரம் கழுவும் சோப்பால் அதைப் போக்க வேண்டும். பிறகு ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். துடைத்த பிறகு வெறுங்கையால் தொட்டால் கதை பழையபடி. நைசான உப்புத்தாளை ஈரமாக்கி, பளபளப்பு சாகும்வரை வட்டவட்டமாகத் தேய்க்க வேண்டும். அதன் மேல் ஒட்டவைக்கும் பிரைமர். அதற்கும் மேலேதான் வர்ணம், அதுவும் பனி படிகிற மாதிரி, மெல்ல மெல்ல, பல தடவை. எல்லோரும் தவறுகிற இடம் கடைசியில் இருக்கிறது. விரலில் ஒட்டவில்லை என்றால் காய்ந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். உள்ளே அது இறுகப் பல நாள் ஆகும். காத்திருக்கத் தெரியாதவனுக்குப் பெயிண்ட் நிற்காது.

இதையெல்லாம் பிறகு கற்றுக்கொண்டு, எல்லாப் பெட்டிகளையும் திரும்ப அடித்தேன். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

என் மாப்பிள்ளை, அதாவது அந்தத் தங்கை கணவர்தான், அங்கே மேஸ்திரி. பிரியமான மனிதர், எல்லோரையும் சிரிக்க வைப்பார். யாரை வைத்துச் சிரிக்க வைப்பார் என்பதுதான் கேள்வி. முதல் நாள் உரிந்த பெயிண்டை முழுசாகத் தூக்கிப் பிடித்து, "மச்சான், இது பெயிண்டா, பாம்புச் சட்டையா?" என்றார். அன்றிலிருந்து என் பெயர் பாம்புச் சட்டை. மேலாளர்கூட ஒருமுறை அப்படிக் கூப்பிட்டுவிட்டு இருமினார்.

நான் திரும்ப அடித்த பிறகும் மாப்பிள்ளை விடவில்லை. எந்தப் பெட்டியைத் திறப்பதாக இருந்தாலும் முதலில் வண்டிச் சாவியால் அதன் மூலையைக் கீறுவார். எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பார்கள். அழுத்திக் கீறும்போது துளி பெயர்ந்தால் போதும், அன்றைய பொழுது அவருக்கு நன்றாகப் போகும்.

வீட்டிலும் அதே கச்சேரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் நண்பர்களிடம், "இவர்தான் எங்க பாம்புச் சட்டை. இவரு அடிச்ச பெயிண்ட், ஆள் வர்றதப் பார்த்தாலே வெக்கப்பட்டுக் கழண்டுக்கும்" என்று என்னை அறிமுகம் செய்தார். காபி கொண்டுவந்த என் தங்கை சிரித்தாள். சிரிப்பு வந்தால் சிரிக்க வேண்டியதுதான், அதில் தப்பில்லை. ஆனால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதனால் ஒரு நேர்மையான பரீட்சை வைக்கலாம் என்று நினைத்தேன். ஓய்ந்த சுண்ணாம்போடு கருவி இருந்த ஒரு சாம்பல் பெட்டியை எடுத்தேன். கீல்களுக்கும் கொக்கிகளுக்கும் டேப் ஒட்டினேன். கழுவி, துடைத்து, தேய்த்து, மஞ்சள் அடித்தேன். இறுகும்வரை காத்திருந்தேன். என் வாழ்க்கையிலேயே நான் செய்த சிறந்த வேலை அதுதான்.

நீங்கள் கேட்கப் போவது தெரியும். அவ்வளவு பாடு எதற்கு, அந்தக் கருவியை அப்படியே ஒரு மஞ்சள் பெட்டிக்குள் மாற்றி வைத்திருக்கலாமே என்பீர்கள். வைத்திருக்கலாம். ஆனால் அது கொலை ஐயா. இதில் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் எப்படியும் சாவியால் கீறுவார். பெயிண்ட் பெயர்ந்தால் அடியில் சாம்பல் தெரியும், ஓய்ந்த கருவி என்று புரிந்துவிடும், இறங்க மாட்டார். அவர் இத்தனை நாளாகச் சொல்லிவந்தது உண்மையாக இருந்தால் அவருக்கு ஓர் ஆபத்தும் இல்லை. தன் வார்த்தையே தன்னைக் காப்பாற்றுகிற இப்படியொரு வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

பெட்டியை அடுக்கின் உச்சியில் நான் வைக்கவில்லை. மற்றவற்றைக் கீழே வைத்தேன், அவ்வளவுதான்.

அன்று காலை அவர் வந்து அதைத்தான் எடுத்தார். இறங்குகிறவரின் இடுப்புக் கயிற்றை வெளியே நின்று பிடிக்கிறவரும் பக்கத்தில் இருந்தார்.

"என்ன மச்சான், இன்னிக்குச் சட்டை உரியுமா?"

"கீறிப் பாருங்க மாப்ள."

கீறினார். ஒன்றும் ஆகவில்லை. கயிறு பிடிக்கிறவர், "விட்டுடுங்கண்ணே, மனுஷன் அழுதுடுவாரு" என்றார். மாப்பிள்ளை சாவியைத் திருப்பிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம் இழுத்தார். வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. கட்டைவிரலால் துடைத்தார். கோடும் போய்விட்டது.

"அட, நிக்குதே" என்றார். அவர் முகத்தில் கேலி இல்லை. "நெசமாவே நல்லாருக்கு மச்சான். சாயங்காலம் உங்க தங்கச்சிகிட்ட நானே சொல்றேன்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். "தேங்க்ஸ் மாப்ள" என்றேன். வேறு என்ன சொல்வது? அடியில் சாம்பல் இருக்கிறது என்றா? அவ்வளவு காலம் கழித்து ஒரு மனிதர் மனதாரப் பாராட்டும்போது குறுக்கே பேசுவது மரியாதையா? கருவியை மாட்டிக்கொள்ள வார்களை இழுத்துவிட்டதும் நான்தான். முள் ஆக்சிஜன் நிறைய இருக்கிறது என்று காட்டியது. இறங்கினார்.

சுண்ணாம்பு உறிஞ்சாவிட்டால் விட்ட மூச்சே திரும்ப வரும். முதலில் தலைவலி, பிறகு மூச்சு வாங்கும், பிறகு புத்தி மங்கும். கயிற்றை இழுத்துச் சைகை செய்ய வேண்டும் என்று புரிவதற்குள் அந்தப் புரிகிற பகுதிதான் முதலில் போய்விடும். நுட்பமான விஷயம். கயிறு பிடிக்கிறவர்மேல் தப்பு இல்லை, அவரை விட்டுவிடுங்கள்.

உங்கள் ஆட்கள் பெட்டியைச் சுரண்டி அடியிலிருந்த சாம்பலைக் கண்டுபிடித்தார்களாம். அதற்குக் கத்தி தேவைப்பட்டது என்று கேள்விப்பட்டேன். சாதாரணக் கத்தியா?

சரி, முழுதாகச் சொல்லிவிடுகிறேன். சாவு வீட்டில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர் கடைசியா என்னண்ணா சொன்னார்? நீ பக்கத்துல இருந்தியாமே" என்று கேட்டாள். உள்ளதைச் சொன்னேன். "என் வேலைய மெச்சிட்டுப் போனாரும்மா. உன்கிட்டயும் சொல்றேன்னாரு." அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. போகிற நேரத்தில் புருஷன் தன் அண்ணனோடு சமாதானமாகப் போனாரே என்ற ஆறுதலாவது அவளுக்குக் கிடைத்ததே ஐயா. அதை அவளுக்குக் கொடுத்தது நான்தான்.