பழுப்புப் பஞ்சு

கல்யாணப் பந்தி போட்டாச்சு, வாசம் எனக்கும் வருது. ஒரு சின்னக் கதை... அதோட மைக்கைக் கொடுத்துடுறேன்.

வேளச்சேரியில என் நண்பன் பிரிட்டோ. மனைவி டெல்பின், தூத்துக்குடிப் பொண்ணு. கல்யாணமாகி வரும்போது உப்புத்தண்ணி மீன் தொட்டியோட வந்தா. ரெண்டு கோமாளி மீன், ஆரஞ்சு உடம்புல வெள்ளைப் பட்டை போட்டது, அவ அண்ணன் கொடுத்தது. அந்த வீட்டுல அவளோடதுன்னு இருந்தது... அது ஒண்ணுதான்.

அவ ஊருக்குப் போயிருந்தப்ப பிரிட்டோ தொட்டியோட ஃபில்டரைத் திறந்தான். பஞ்செல்லாம் பழுப்பு. சே, இதுலயா மீன் வாழுது? புது ஃபில்டர் வாங்கினான். உள்ளே புதுப் பஞ்சு. தொட்டி பளபளன்னு ஆச்சு.

ரெண்டு நாள் கழிச்சு டெல்பின் வந்தா. பையைக்கூடக் கீழே வைக்கல. ரெண்டு மீனும் மேல்மட்டத்துல வாயைத் திறந்து திறந்து மூடுது.

"என்னங்க பண்ணீங்க?"

"சுத்தம் பண்ணேன். நீ சந்தோஷப்படுவேன்னு..."

"பழைய பஞ்சு எங்கே?"

அந்தப் பழுப்பு என்ன தெரியுமா? அழுக்கு இல்லைங்க. உயிர். கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர். மீனோட கழிவு விஷமாகாம பார்த்துக்கிறது அதுதான். புதுப் பஞ்சுல அது குடியேற வாரக்கணக்காகும். அதுவரைக்கும் மீன் தாங்குமா?

"குப்பையில போட்டுட்டீங்களா?"

"போடணும்னுதான்... பால்கனி வாளியிலயே கிடக்கு. தொட்டித் தண்ணியோட. கீழே கொண்டு போக... சோம்பல்."

டெல்பின் ஓடிப்போய் வாளியைப் பார்த்தா. பஞ்சு காயல, உயிர் இன்னும் இருக்கு. அப்புறம் சிரிச்சா.

"உங்க சோம்பேறித்தனத்தைத்தான் முதல்ல மாத்தணும்னு இருந்தேன். நல்லவேளை."

பாதித் தண்ணியை மாத்தினா. பழைய பஞ்சைப் புது ஃபில்டருக்குள்ளேயே வெச்சா. அவன் வாங்கினதை அவ தூக்கிப் போடல... கவனிச்சீங்களா? சாயங்காலம் மீன் ரெண்டும் கீழே இறங்குச்சு. தீனியைத் தேடி வந்துச்சு. பிரிட்டோ தொட்டி முன்னாடியே உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தான்.

மணமக்களே... ஒருத்தர் வாழ்க்கைக்குள்ள இன்னொருத்தர் போகப் போறீங்க. மாப்பிள்ளை ஞாயித்துக்கிழமை பேசாம உட்கார்ந்திருக்கிறது. பொண்ணு தினமும் அம்மாகிட்ட போன்ல பேசுறது. பார்த்ததும் கை துறுதுறுங்கும். மாத்தவே கூடாதுன்னு சொல்லல. முதல்ல கேளுங்க... இது உனக்கு எதுக்குன்னு. பதில் வர்ற வரைக்கும் கொஞ்சம் சோம்பேறியா இருங்க.

வாளி பால்கனியிலேயே இருக்கட்டும்.