கூண்டு கை மாறும் நாள்

குருவிக்கு ஆளிவிதையை அளவாகத்தான் போட வேண்டும், ஐயா. கொழுத்துவிட்டால் பாடுவதை நிறுத்திவிடும். கூண்டும் கையுமாகக் காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறானே என்று வாசலில் நின்றவர் சிரித்தார். சிரிக்கட்டும். வீட்டில் தானியம் போட ஆளில்லை, நான் எப்போது திரும்புவேன் என்பதும் தெரியாது.

என் பெயர் தய்யிப். கடலோரக் குடியிருப்பின் இளைஞர் இல்லத்தைப் பதினோரு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். நாலு பந்து, ஒரு எடைதூக்கும் கம்பி, டொமினோ ஆட இரண்டு மேசை. இல்லம் என்றால் அவ்வளவுதான். அன்னாபாவில் எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு மீசை அரும்பும்போதே கடல் மேல் கண் விழுந்துவிடும். ஆறேழு பேர் சேர்ந்து ஒரு படகு, ஒரு மோட்டார், சில கேன் பெட்ரோல். எதிர்க்கரை இத்தாலி, இதோ கூப்பிடு தூரம் என்பார்கள். நான் வேலைக்கு வந்த முதல் வருடம் ரவூஃப் என்று ஒருவன் போனான். படகு கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. அவன் அம்மா இன்றைக்கும் மாதாமாதம் அவன் கைபேசிக்குப் பணம் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். இன்னொரு தாய்க்கு அந்த நிலை வரக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

அதற்குப் பிறகு பத்து வருடம் எங்கள் குடியிருப்பிலிருந்து ஒருவன்கூடக் கடலுக்குப் போகவில்லை. பக்கத்துக் குடியிருப்புகளில் விசாரித்துப் பாருங்கள்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து இரண்டு நாள் பயிற்சி கொடுத்தாள். பையன் விபரீத வேலையில் இறங்கினால் திட்டாதீர்கள், வெளியிலிருந்து அவனை எது அழுத்துகிறது என்று பாருங்கள், அவன் பேசட்டும், நீங்கள் கூட இருந்து கேளுங்கள் என்றாள். என் மகள் வயதுதான் இருக்கும், ஆனால் சொன்னது சரி. நான் கேட்டேன். இந்த ஊரில் என்னளவுக்குப் பையன்களுக்குக் காது கொடுத்தவன் கிடையாது. அதனால்தான் எந்தப் படகு, எந்தக் கிழமை என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது.

கேட்காமலே தெரிந்துகொள்ளவும் ஒரு வழி உண்டு. எங்கள் பையன்கள் பட்டினி கிடந்தாலும் மக்னீன் வளர்ப்பார்கள். இதோ இந்தச் சிவப்பு முகக் குருவிதான். போட்டிருக்கும் சட்டையைக்கூடக் கழற்றிக் கொடுப்பான், குருவியைக் கொடுக்க மாட்டான். ஒருவன் கூண்டைத் தூக்கிக்கொண்டுபோய்க் கூட்டாளி வீட்டில் விட்டால் அந்த வாரம் படகு கிளம்புகிறது என்று அர்த்தம். போலீசுக்கு இது தெரியாது, எனக்குத் தெரியும்.

கூண்டு கை மாறியதும் பையனை இல்லத்துக்குக் கூப்பிடுவேன். முதலில் ஹிஷாம், வலது முன்கை. அடுத்தது லுத்ஃபி, கணுக்கால். மொத்தம் ஒன்பது பேர், பெயர்களை எழுதித் தருகிறேன். கம்பியில் துண்டைச் சுற்றிக்கொள்வேன். தோல் கிழிந்தால் சீழ் பிடிக்கும், பாவம். எலும்புக்கு அந்தத் தொல்லை இல்லை, மாவுக்கட்டுப் போட்டால் கூடிவிடும். கூடுவதற்குள் படகு போய்விடும், ஆசையும் போய்விடும். ஒருவனும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கொடுத்தால் படகைப் பற்றியும் சொல்ல வேண்டுமே. திருட்டுத்தனமாக நாட்டை விட்டுப் போகப் பார்த்தால் சிறை என்பது உங்களுக்குத் தெரியாததா. படிக்கட்டில் விழுந்தேன் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

பாதிஸ் விஷயத்துக்கு வருகிறேன். பதினேழு வயது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை போய்விட்டது. அண்ணன் போதை மாத்திரை விற்றுச் சிறையில் இருக்கிறான். இரண்டு அறையில் ஏழு பேர். பள்ளிக் கடைசிப் பரீட்சையிலும் கோட்டை விட்டுவிட்டான். இத்தனைக்கும் வாய் மட்டும் அடங்காது. எனக்கு வழுக்கை விழ ஆரம்பித்தபோது, "என்ன மாமா, மைதானத்துல புல்லு கருகிப்போச்சு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டவன். அவன் மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம், அதை ஏன் மறைக்க வேண்டும்.

ஒருநாள் அவன் அம்மா ஸுலைகா இல்லத்துக்கே வந்தாள்.

"தய்யிப் அண்ணே, புள்ள பார்வையே சரியில்ல. மாடியில போய் நின்னு கடலயே பாத்துக்கிட்டு இருக்கான். எப்படியாச்சும் அவன நிறுத்தி வைங்க. உங்க பேச்சுன்னாதான் கேப்பான்."

எப்படியாச்சும் என்றுதான் சொன்னாள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவனே கூண்டோடு வந்தான். மற்றவர்கள் கூட்டாளிகளிடம் கொடுப்பார்கள், இவன் என்னிடம் கொண்டு வந்தான்.

"மாமா, இத நீங்க வச்சுக்கோங்க. எங்க வீட்டுல ஆளுக்குச் சோறு போடவே மறந்துருவாங்க, இதுக்கு யாரு தானியம் போடுவா?"

"எங்கடா கிளம்பிட்ட?"

"ஒரான் ஊருக்கு. அத்தை வீட்டுக்கு." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். "சே, உங்ககிட்ட எதுக்குப் பொய்யி. வியாழக்கெழம, மாமா. அம்மாகிட்ட நீங்கதான் பக்குவமாச் சொல்லணும்."

தேநீர் போட்டுக் கொடுத்தேன். தக்காளியும் வெங்காயமும் வைத்து மடித்த ரொட்டி இரண்டு வாங்கி வந்திருந்தேன், இரண்டையும் அவனே தின்றான். பிறகு வலையை எடுக்க ஒரு கை கொடு என்று பந்து வைக்கும் அறைக்குக் கூட்டிப்போனேன். அவன் குனிந்தபோது இடது முழங்காலில் பக்கவாட்டில் போட்டேன். மற்றவர்களுக்கு ஒரே அடிதான். இவன் எழுந்திருக்கப் பார்த்தான், அதனால் மூன்று. மூன்றாவதில் காய்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டது. நாக்கைக் கடித்துக்கொள்ளக் கூடாதே என்று இன்னொரு துண்டை வாயில் வைத்து அழுத்தியிருந்தேன். அதை எடுத்ததும் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"உங்கள நம்பித்தானே மாமா குருவியக் கொண்டாந்தேன்" என்றான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான்.

என் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் எனக்கு அழுகை வந்தது.

இரண்டு தடவை அறுத்துத் தைத்தார்கள். முழங்கால் பிறகு மடங்கவில்லை. வாரம் தவறாமல் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன், தோளில் கை போட்டு நடக்கப் பழக்கினேன். ஸுலைகா என் கையில் முத்தமிட்டாள். "படியில விழுந்ததும் நல்லதுக்குத்தான் அண்ணே, புள்ள வீட்டோட இருக்கான்" என்றாள். எட்டாவது மாதம் அவன் குருவியைத் திருப்பிக் கேட்டான். பையன் தேறிவிட்டான் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கூண்டைப் பலகணியில் மாட்டினான். தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் படிவத்தில் 'ஆபத்து நீங்கியது' என்று எழுதினேன். ஆனாலும் தினமும் காலையில் அந்தப் பக்கம் போகும்போது அண்ணாந்து பார்ப்பேன். கூண்டு அங்கேயே இருக்கும்.

போன வெள்ளிக்கிழமையும் இருந்தது. பட்டப்பகலில், ஊரே தொழுகையில் இருந்த நேரம் பார்த்துப் படகை இறக்கியிருக்கிறார்கள். பாறையைத் தாண்டி முந்நூறு மீட்டரில் கவிழ்ந்துவிட்டது. ஆறு பேரில் ஐந்து பேர் நீந்திக் கரையேறினார்கள். அந்தப் பாறையிலிருந்தே குதித்து வளர்ந்த பிள்ளைகள். அவர்களில் நல்ல நீச்சல்காரன் பாதிஸ்தான்.

லுத்ஃபி ஈரத்துணியோடு வந்து என்னிடம் சொன்னான். "ஒத்தக் கால அடிச்சு அடிச்சு ஒரே எடத்துல வட்டம் போட்டான், மாமா. அல தூக்கித் தூக்கிப் போட்டுச்சு, எங்களால கிட்டப் போக முடியல. அப்புறம் தல தெரியல." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கணுக்கால் நன்றாகக் கூடியிருந்தது.

நேற்று ஸுலைகா இந்தக் கூண்டைக் கொண்டு வந்தாள். அன்று காலையில் வீட்டைவிட்டுப் போகும்போது அவளிடம் சொல்லியிருக்கிறான்: "பொழுது சாஞ்சதும் இத மாமாகிட்டக் குடுத்துரும்மா. அவருக்குப் புரியும்." புரிந்தது. கூண்டு அங்கேயே தொங்குவதைத் தினமும் நான் பார்த்து நம்ப வேண்டும் என்றுதான் எட்டு மாதம் கழித்துக் குருவியைக் கேட்டு வாங்கியிருக்கிறான். காலை உடைத்தது நான்தான் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. நேற்றும் என் கையில் முத்தமிட்டுவிட்டுத்தான் போனாள்.

யாரும் என்னைக் கைகாட்டவில்லை, நானாகத்தான் வந்தேன். நீங்கள் வாசித்துக் காட்டியதெல்லாம் சரி, கையெழுத்துப் போடுகிறேன். பாதிஸ் சாகக் காரணம் நான்தான். ஒரு இடத்தில் மட்டும் திருத்தம் வேண்டும், ஐயா. அவன் காலை உடைத்ததால் செத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். பிரியத்தில் என் கை தளர்ந்துவிட்டது, அதனால் செத்தான். இரண்டு காலையும் உடைத்திருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான்.