கலர் மாறாத ஸ்ட்ரிப்

இல்லம்மா, ரிப்போர்ட்ட இப்ப தர மாட்டேன். கோவிச்சுக்காதீங்க. மொதல்ல உக்காருங்க. பையன மடியிலயே வச்சுக்கங்க, தலைய மட்டும் கொஞ்சம் தூக்கிப் புடிங்க. ஆங், அப்படித்தான். வெளிய உங்க வீட்டுக்காரர் ஹாரன் அடிக்கிறது எனக்கும் கேக்குது. அடிக்கட்டும். பேட்டரி தீர்ற வரைக்கும் அடிக்கட்டும்.

ஓ.பி. டாக்டர் என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியும்மா. சாதாரண வாந்திதான், யூரின்ல கீட்டோன் இல்லன்னா வீட்டுக்குப் போயிடலாம்னு சொல்லியிருப்பாரு. அதனாலதான் பேப்பர கையிலயே வச்சுக்கிட்டு நிக்கிறேன். குடுத்தா நீங்க கெளம்பிடுவீங்க. இருபத்திரண்டு வருஷமா இந்த லேப்ல மத்தவங்க ரத்தத்தையும் ஒண்ணுக்கையும் பாத்துக்கிட்டு இருக்கேன், யாரோட ரிப்போர்ட்டையும் இப்படிப் புடிச்சு வச்சதில்ல.

ஐயோ, தூங்கலம்மா அவன். தூங்குற புள்ளைய ஊசியால குத்தினா வீட்டையே ரெண்டாக்கும். இவன் உதட்டக்கூட சுளிக்கல. எழுபதாவது இருக்க வேண்டிய சர்க்கரை நாப்பத்தாறுதான் இருக்கு. குழந்தைங்க டாக்டருக்கு ஃபோன் பண்ணிட்டேன், ட்ரிப்புக்கு வேண்டியதெல்லாம் எடுத்துக்கிட்டு வந்துக்கிட்டே இருக்காங்க. லிஃப்ட் ரிப்பேரு, மூணு மாடி எறங்கணும். அது வரைக்கும் இந்தாங்க, இது குளுக்கோஸ் பவுடர், சுகர் டெஸ்டுக்கு வர்றவங்களுக்குக் கலக்கிக் குடுக்கறது. ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டுக் கொழைச்சிருக்கேன். கன்னத்துக்கு உள்பக்கமாத் தடவுங்க. குடிக்க வைக்காதீங்க, இந்த மயக்கத்துல புரை ஏறிடும். கொஞ்சம் கொஞ்சமா. 

கீட்டோன் இல்லன்னா நல்லதுதானேன்னு கேக்குறீங்க. இந்தக் கேள்விதாம்மா ஆளக் கொல்லுது.

நேத்துக் காலையிலேருந்து ஒரு வாய் பால்கூட தங்கலன்னு சொன்னீங்கல்ல? அப்ப இந்த ஒடம்பு எதை வச்சு ஓடுது? நாம மிச்சமா சாப்பிடுறத ஒடம்பு வீணாக்காது. ரெண்டு ரெண்டு துண்டா ஒட்டிக்கிட்டே போயி, நீளமாக் கட்டி, கொழுப்பா எடுத்து வச்சுக்கும். இவன் தொடையில மடிப்பு மடிப்பா இருக்கே, அதான். பட்டினி வந்துச்சுன்னா மொதல்ல ஈரல்ல இருக்கிற சர்க்கரைய எடுக்கும். சின்னப் புள்ளைக்கு அது எத்தன மணி நேரம் வரும்? தீந்ததும் கொழுப்புலதான் கை வைக்கணும். கட்டினத அதே மாதிரி ரெண்டு ரெண்டா வெட்டும். வெட்டினத ஈரல் கீட்டோனா மாத்தி மூளைக்கு அனுப்பும். மீந்தது யூரின்ல வரும். இவ்வளவு நேரம் பட்டினி கெடந்த புள்ளைன்னா, யூரின்ல இந்த டெஸ்ட் ஸ்ட்ரிப்ப முக்கின ஒடனே கத்திரிக்கா கலருக்கு மாறணும்.

இவனோடதப் பாருங்க. டப்பாவுலேருந்து எடுத்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. சர்க்கரையும் இல்ல, கீட்டோனும் இல்ல. மூளைக்கு ரெண்டு பக்கமும் சாப்பாடு நின்னு போச்சும்மா. கொழுப்ப வெட்டுற கத்திரியில ஒண்ணு பொறவியிலேயே பழுதுன்னு நெனைக்கிறேன். நீளத்துண்டெல்லாம் வெட்டுப்படும், நடுவாந்தரத் துண்டு வந்ததும் நின்னுடும். நான் டாக்டர் இல்ல. அதுக்குன்னு தனி ரத்த டெஸ்ட் இருக்கு, அவங்க அனுப்புவாங்க. வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தா இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. ஒரு வாந்தி வந்து சாப்பாடு நின்னாத்தான் வெளிய வரும்.

தடவுங்க, நிறுத்தாதீங்க.

ஃபாரத்துல மூத்த பொண்ணப் பத்தி எழுதியிருக்கீங்க. ரெண்டு வயசுல தூக்கத்துலயே போயிட்டான்னு. அவளுக்கும் வாந்திதான். எனக்கு எப்படித் தெரியும்னு இப்பக் கேக்காதீங்க. அன்னிக்குச் சாப்பாடு வேணாம்னு படுத்துட்டாளா? பாவம், தூங்கட்டும்னு நீங்களும் விட்டுட்டீங்க.

என்னது? பட்டினி போட்டுக் கொன்னீங்களா? யாரு சொன்னா? மாமியாரா? நாலு வருஷமா இதக் கேட்டுக்கிட்டா ஒரே வீட்டுல குடித்தனம் பண்றீங்க? அடக் கொடுமையே! காய்ச்சல் வந்தா எந்தப் புள்ளதாம்மா ஒரு வேளை சாப்பிடாமத் தூங்கல? எம்புள்ளைங்க எத்தனையோ நாள் தூங்கியிருக்குங்க. காலையில எந்திரிச்சு தோசைக்குச் சண்டை போடும். உங்க புள்ளைக்குக் கொழுப்பு எரியல. அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

அழாதீங்க, அவன் மூஞ்சியப் பாருங்க. நாக்க அசைக்கிறானா? சப்புறான்ல? சப்புடா ராஜா, சப்பு.

எனக்கும் அப்பல்லாம் ஒரு மண்ணும் தெரியாதும்மா. ரெண்டு வருஷம் முன்னாடி டிரெய்னிங்னு அனுப்பினாங்க. பாடம் எடுத்த மேடம் ஒரு கேள்வி போட்டாங்க. புள்ள ஒரு நாளா சாப்பிடல, ஸ்ட்ரிப் கலர் மாறல, என்ன எழுதுவீங்கன்னு. நார்மல்னு மொதல்ல கத்தினது நான்தான். சீனியர் இல்லையா, பெருமை வேற. அந்த மேடம் என்னப் பாத்து, இல்ல சார், அந்தப் புள்ள செத்துக்கிட்டு இருக்குன்னாங்க.  மறுநாள் வந்து பழைய ரிஜிஸ்டரையெல்லாம் பொரட்டினேன்.

படியில சத்தம் கேக்குது. டாக்டர்! இங்க, இங்க! சர்க்கரை நாப்பத்தாறு, கீட்டோன் சுத்தமா இல்ல. ஆமா டாக்டர், அக்கா ஒருத்தி தூக்கத்துல போயிருக்கா. அம்மா, பையன அந்தக் கட்டில்ல போடுங்க. கைய மட்டும் அசையாமப் புடிச்சுக்கங்க, நரம்பு கெடைக்கணும். இன்னொரு கையா? சரி, இதப் புடிங்க. ஏறிடுச்சு. சொட்டு விழுது. பயப்படாதீங்க, கொஞ்ச நேரம் ஆகும்.

அழறான்! அழட்டும்மா, நல்லா அழட்டும். டாக்டர் சிரிக்கிறாங்க பாருங்க.

ஐயோ, எனக்கு எதுக்கு நன்றி? கைய விடுங்கம்மா. இல்ல, நான் சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல. இந்த மாஸ்க்கக் கழட்டினா உங்களுக்கு அடையாளம் தெரியும். பெரியவளோட யூரினும் இந்த மேசைக்குத்தான் வந்துச்சு. கீட்டோன் இல்லன்னு எழுதி, ஒண்ணுமில்லம்மா, தைரியமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சிரிச்சுக்கிட்டே குடுத்தது நான்தான். உங்க மாமியார்கிட்ட வந்து நானே சொல்றேன். ரிஜிஸ்டர்ல அட்ரஸ் இருந்துச்சு. டிரெய்னிங் முடிஞ்ச அந்த வாரமே தேடிக்கிட்டு வந்தேன்மா. நீங்க வாசல்ல துணி காயப் போட்டுக்கிட்டு நின்னீங்க, வயித்துல இவன். எதிர்ப்பக்கக் கடையில பெரிய புள்ள எறந்துபோச்சுன்னு சொன்னாங்க, அங்கயே கொஞ்ச நேரம் நின்னேன். அப்புறம் ஒண்ணும் சொல்லாமத் திரும்பிப் போயிட்டேன்.