உப்பில்லாத வேண்டுதல்

எழுபதுகளில் ஒரு மத்தியானம். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் ரயிலில் எனக்கு எதிரே பழவேற்காட்டுப் பெண்கள் இருவர். இளையவளின் புருஷன் ஜன்னலோரம், நடுங்கும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“சோத்துல உப்பு போடலன்னு டாக்டரு என்னைத் திட்டிட்டாருக்கா.”

நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

“மனசு கோளாறுக்கும் உப்புக்கும் இன்னாடி?”

“இவரு ஒரு மாசம் தூங்காம ஊரையே ரெண்டாக்குவாரு, ஒரு மாசம் படுத்தே கெடப்பாரு இல்ல? அதுக்குப் புது மருந்து குடுத்தாங்க. அதுவும் ஒரு உப்பாம். நாம துன்ற உப்பு கொறைஞ்சா அந்த மருந்து ஒடம்புலயே தங்கி வெசமாயிடுமாம். அதான் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில வெச்சிக்கினாங்க.”

“நீ ஏன் உப்பை நிறுத்துன?”

“சீக்கிரம் கொணமாவணும்னு திருப்பாச்சூர் சாமிக்கு வேண்டிக்கினேன். ஒரு மண்டலம் இவருக்கு உப்பில்லா சோறு. டாக்டரு அதை நோட்டுல எழுதிக்கினாரு. இனிமே இந்த மருந்து குடுக்குற எல்லார்கிட்டயும் மொதல்ல இதைத்தான் கேப்பாராம்.”

“அப்ப வேண்டுதலு? சாமி குத்தமாயிடாது?”

பொன்னேரி வந்தது. இளையவள் புருஷனின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

“மிச்ச நாளுக்கு நான் உப்பில்லாம துன்றேங்கா.”