இடதுமரை

உங்கள் ஸ்டேஷன் டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், மேடம். பரவாயில்லை, எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. எனக்கு இருக்கும் ஒரே வியாதி வாய்தான் என்று என் மகள் நிவேதிதா சொல்வாள். நான் பேசுகிற வேகத்துக்கு ஏட்டய்யாவால் எழுத முடியவில்லை என்றால் சொல்லுங்கள், நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன்.

என் பெயர் ரவிச்சந்திரன். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது காட்டுப்பாக்கத்தில் அடுக்குமாடி வாசம். தட்சிணாமூர்த்தி அதே தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவு. அதாவது நான் லேத்தில் கடைந்து கொடுப்பேன், அவர் அளந்து பார்ப்பார். தலைமுடி அளவு பிசகினாலும் சிவப்புப் பெயின்ட்டைத் தடவி ஓரமாகத் தூக்கிப் போட்டுவிடுவார். என் வேலைக்கென்று அவர் செலவழித்த சிவப்புப் பெயின்ட்டில் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு கோட் அடித்து, மிச்சத்தில் நான்கு பஸ்ஸுக்கும் அடிக்கலாம். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவர் வேலையை அவர் பார்த்தார்.

சித்தேரி விஷயமாகத்தான் வந்திருக்கிறேன். ஆனால் முதலில் மீனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

நிவேதிதா அமெரிக்காவில் ஒரு மலையூரில் இருக்கிறாள். நான் போயிருந்தபோது மாப்பிள்ளை என்னை ட்ரவுட் மீன் பிடிக்கக் கூட்டிப்போனார். அந்த ஆற்றில் காலை விட்டால், அது நம்முடைய கால்தானா என்று குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டும், அப்படி ஒரு குளிர். அங்கே புழுவும் கிடையாது, மைதா உருண்டையும் கிடையாது. தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரி கட்டி, சாட்டை சொடுக்குவதுபோல் வீசி, தண்ணீர் மேல் பூப்போல உட்காரவைக்கிறார்கள். படகு இரண்டு முனையும் மேலே தூக்கி வாழைப்பழம் மாதிரி இருக்கும். துடுப்பை ஓரமாக வைத்துவிட்டு, ஆறு இழுத்த இழுப்பில் போய்க்கொண்டே வீச வேண்டியதுதான். என்னுடைய முதல் ட்ரவுட்டைத் தூக்க மூன்று வெள்ளைக்காரர்கள் ஓடி வந்தார்கள். இதை எழுதிக்கொள்ள வேண்டாம்.

திரும்பும்போது மாப்பிள்ளை ஒரு தூண்டில்கோலும் கொடுத்தார். நம் பக்கம் ஓடுகிற ஆறு கூவம்தான். அதில் வீசினால் நாம் கட்டிய பொம்மைப் பூச்சி செத்துவிடும். ஆகவே எங்கள் பக்கத்து ஏரி, சித்தேரி. கோழிக்கடையில் சேவல் இறகு சும்மா கிடைத்தது, நூலுக்குப் பச்சை நைலான். ஓய்வுக்குப் பிறகு அளப்பதற்கு ஒன்றும் இல்லாமல் முகப்பேர் வீட்டில் உட்கார்ந்திருந்த தட்சிணாமூர்த்தியை நான்தான் கூப்பிட்டேன். இரண்டு பேருமாகப் பலகையும் ஃபைபரும் வாங்கி, அந்த வாழைப்பழப் படகைச் செய்தோம். ஆறு இழுக்காத இடத்தில் காற்று இழுத்துக்கொண்டு போகும். நல்ல நாட்கள், மேடம். அதை மறுக்க மாட்டேன்.

சித்தேரியில் விரால் உண்டு. விராலைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மற்ற மீன் பசிக்குக் கவ்வும். குஞ்சு வைத்திருக்கும் விரால் கோபத்துக்குக் கவ்வும். குஞ்சுகள் செக்கச்செவேலென்று கூட்டமாகத் தண்ணீரின் மேல் வந்து, உலை கொதிப்பதுபோல் புரண்டுகொண்டிருக்கும். தாய் அடியில் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் மேல் பூச்சியைப் போட்டால், அது தின்னக்கூடியதா என்று தாய் பார்க்காது. வந்து அறையும். ஆகவே குஞ்சுக் கூட்டத்தின் மேல் தூண்டில் போடக் கூடாது என்பது கரையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட வழக்கம். தாயைத் தூக்கிவிட்டால், சாயங்காலத்துக்குள் ஜிலேபி மீன்கள் குஞ்சுகளை மென்றுவிடும்.

போன வருடம் என் தூண்டிலில் ஒரு விரால் மாட்டி, அறுத்துக்கொண்டு போனது. அது புரண்ட அலையில் அக்கரையில் மேய்ந்த எருமை முழுக்க நனைந்துவிட்டது. அன்றைக்குப் பால்காரருக்குத் தண்ணீர் கலக்கிற வேலையே இல்லை. இந்த மீனைப் பற்றி ஏரிக்கரை டீக்கடை பாபுவிடம் தினமும் சொல்வேன். பூந்தமல்லி ரோட்டில் மெட்ரோ வேலை பார்க்கிற ஆட்கள்கூட டம்ளரோடு வந்து உட்கார்ந்து கேட்பார்கள்.

"அண்ணாத்தே, மீனு இன்னிக்கு இன்னா வெயிட்டு?" என்பான் பாபு.

"பதினெட்டு."

"நேத்து பதினாறுன்னியே?"

"நேத்து ராத்திரி அது சாப்பிட்டிருக்காதா?"

சிரிப்பார்கள். அவர்கள் நம்பினார்களா என்று கேட்காதீர்கள். மறுநாளும் கேட்க வந்தார்கள். எனக்கு அது போதும். மனைவி போய்விட்டாள், மகள் கடல் தாண்டி இருக்கிறாள். ஒரு மனிதனுக்குக் காலையில் எழுந்து சட்டை போட ஒரு காரணம் வேண்டும் இல்லையா? என் காரணம் அந்த மீன்.

அதைத்தான் தட்சிணாமூர்த்தி பிடித்தார்.

குஞ்சுக் கூட்டத்தின் மேல் பூச்சியைப் போட்டு, தாயைத் தூக்கினார். நேரே பாபு கடைக்குக் கொண்டுவந்தார். பாட்டரியில் ஓடும் கொக்கித் தராசு ஒன்றை எப்போதும் பையில் வைத்திருப்பார். கடையில் கூட்டம்.

"யோவ் ரவி, இங்க வா. வாயைப் பொளந்து பாரு. இது யார் கட்டுன கட்டு?"

மீனின் தாடையில் என் பச்சை நூல்.

தராசில் மாட்டினார். சிவப்பு எண் ஆடி நின்றது. ஒன்றரை கிலோ.

"இன்னா நைனா இது? பதினெட்டுன்னு சொல்லிகினு கெடந்தே," என்றான் பாபு. "மீதி பதினாறர கிலோ எங்க கீது? ஊட்டாண்ட வுட்டுட்டு வந்துச்சா?"

கடையே அதிர்ந்தது. நானும் சிரித்தேன். அப்போது தட்சிணாமூர்த்தி என்னை மேலும் கீழும் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார், தொழிற்சாலையில் சொல்வதுபோலவே, குரலை உயர்த்தாமல்:

"ரிஜெக்ட்."

அன்றிலிருந்து என் பெயர் ஒன்றரை கிலோ. எங்கள் வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் "ஒன்ற கிலோ சார் வர்றாரு" என்று கேட்டைத் திறந்தான். தராசும் மீனுமாக எடுத்த போட்டோ குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் சுற்றி, எப்படியோ கடலும் தாண்டியது. நிவேதிதா எனக்குச் சிரிப்பு முகம் ஒன்றை அனுப்பியிருந்தாள். வேறு ஒன்றும் எழுதவில்லை. அந்த மஞ்சள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு பகல் முழுக்கச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

தவறாக நினைக்காதீர்கள், எனக்கு என்னைப் பற்றிக் கவலை இல்லை. நான் செய்தது அந்தக் குஞ்சுகளுக்காக. தாயில்லாமல் அத்தனையும் அழிந்தன. வழக்கத்தை மீறியவருக்கு யாராவது ஒருவர் பாடம் சொல்லத்தானே வேண்டும்? ஆமாம், போன வருடம் நானும் குஞ்சுக் கூட்டத்தின் மேல்தான் வீசினேன். ஆனால் நான் அதை விட்டுவிட்டேன். சரி, அது அறுத்துக்கொண்டு போனது. விஷயம் அதுவல்ல.

படகின் அடிப்பலகையில் தண்ணீர் வடிக்க ஒரு துளை உண்டு. அதற்கு ஒரு திருகுமூடி. பழைய மூடியையும் அது உட்காரும் வளையத்தையும் கழற்றிவிட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் தெரிந்தவர் பட்டறையில் லேத்தைக் கேட்டு வாங்கி, பித்தளையில் புதிதாக ஒரு ஜோடி கடைந்தேன். பார்க்க அப்படியே பழையது. ஒரே ஒரு வித்தியாசம், மரை. திருகின் மேல் சுற்றிச் சுற்றி ஓடும் பள்ளம் இருக்கிறதே, அது. உலகத்தில் நாம் தொடுகிற திருகெல்லாம் வலப்பக்கம் திருப்பினால் இறுகும். இடதுமரை வெட்டினால் தலைகீழ். வலப்பக்கம் திருப்பத் திருப்பக் கழன்றுகொண்டு வரும்.

நிதானமாக இருக்கும் ஆளிடம் இது பலிக்காது. இரண்டு திருப்பில் கண்டுபிடித்துவிடுவான், அதிலும் தட்சிணாமூர்த்தி போன்ற ஆள். கோபத்தில் இருப்பவனுக்கு மூளை வேலை செய்யாது, கை பழைய பழக்கத்தில் போகும். ஆகவே அவரைக் கோபப்படுத்த வேண்டியிருந்தது. பூச்சி கட்டுகிறவனுக்கு இது புது வேலை இல்லை.

ஏரியின் மேற்கு மூலையில் அல்லி மண்டிய இடம் ஒன்று இருக்கிறது. முன்பு மண் எடுத்த குழி. பாதாளம் என்று அதற்குப் பெயர் வைத்தது நான்தான். கல்லைக் கட்டிக் கயிறு விட்டேன், கயிறு தீர்ந்தது. வேட்டியை அவிழ்த்து முடிந்துவிட்டேன், அதுவும் தீர்ந்தது. கூச்சமாக இருந்ததால் அதற்கு மேல் அளக்கவில்லை என்று சொல்வேன். தட்சிணாமூர்த்திக்கு நீச்சல் தெரியாது. என் மீனை நம்பாத மனிதர், காற்று அந்தப் பக்கம் படகை இழுத்தால் மட்டும் அவசரமாகத் துடுப்பை எடுப்பார்.

அன்று காலை மூடியை நானே போட்டேன், லேசாகக் கசியும்படி. பிறகு கடைக்குப் போனேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க புடிச்சது குட்டிங்க," என்றேன். "ஆத்தாக்காரி பாதாளத்துல கெடக்கா. நேத்துதான் பாத்தேன். இருபத்தஞ்சு கிலோ."

"ஆரம்பிச்சிட்டியா?"

"உங்ககிட்ட தராசு கீது," என்று பாபுவின் பாஷையிலேயே சொன்னேன். "தில்லு கீதா?"

"அத்தானே," என்றான் பாபு. "சார் அந்தாண்ட போவவே மாட்டாரே. பயம்."

அவர் காது சிவந்ததைப் பார்த்தேன். டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னியோட உன் வாயை மூடுறேன்யா," என்று சொல்லிவிட்டுப் படகை எடுத்தார்.

நான் கரையோடு நடந்து மேற்கு மூலைக்குப் போனேன். அங்கே கருவேலம் மறைப்பதால் கடையிலிருந்து ஒன்றும் தெரியாது. காற்று படகை மெதுவாக அல்லிக்குள் கொண்டுபோய் விட்டது. நன்றாகத்தான் வீசிக்கொண்டிருந்தார். ஒரு வீச்சின் நடுவில் குனிந்து காலடியைப் பார்த்தார்.

"ரவி, மூடி கசியுதுய்யா!"

"இறுக்குங்க," என்றேன்.

குனிந்து, வலப்பக்கம் திருப்பினார். தண்ணீர் அதிகமாயிற்று. அவர் இன்னும் அழுத்தித் திருப்பினார். ஆயுள் முழுக்க என் திருகுகளைக் குறை சொன்ன கை, என் திருகைத் தானே கழற்றி எடுத்தது. நான் அதைத் தொடவே இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மூடி கையோடு வந்ததும் மிரண்டு எழுந்து நின்றார். தண்ணீர் ஏறிய படகில் எழுந்து நிற்கக் கூடாது. கவிழ்ந்தது.

நனைக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். நனைந்து, சேறும் பாசியுமாகக் கடைக்கு வரட்டும், சிரிப்பு இடம் மாறட்டும் என்று. கோபம் எல்லாம் இல்லை.

அல்லிக்கொடிகளுக்குள் கையையும் காலையும் அடித்துக்கொண்டு என் பெயரைச் சொல்லிக் கத்தினார். "ஆழம் ரவி, ஆழம்!" என்றார். மேடம், அங்கே தண்ணீர் மார்பளவு. கோடையில் நானே இறங்கி நடந்திருக்கிறேன். சேறு இருக்கிறது, ஆனால் நிற்கலாம். 'காலை ஊன்றுங்க' என்று கரையிலிருந்து சொன்னால் போதும், நின்றிருப்பார்.

நின்று, மூச்சு வாங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேரே பாபு கடைக்குப் போய்ப் பாதாளத்தின் ஆழம் எவ்வளவு என்று சொல்லியிருப்பார். அளந்து சொல்லியிருப்பார். நான் சொன்ன கதைகளில் அவர் முழுதாக நம்பியது அது ஒன்றுதான். உயிரே போகிற நேரத்திலும் நம்பிக்கொண்டிருந்தார். அதைப் பொய் என்று என் வாயாலேயே எப்படிச் சொல்வது? நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவர் அதைத்தானே கேட்டார்.

அல்லி இலைகள் அசைவது நின்ற பிறகுதான் கடைக்கு ஓடினேன்.

தீயணைப்புக்காரர்கள் ரப்பர் படகும் கயிறுமாக வந்தார்கள். அவர்களில் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, சட்டையைக் கழற்றி வைத்து, நடந்தே போய் அவரைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தார். ஊரே பார்த்தது. பாபு தீயணைப்புக்காரரின் மார்போடு நின்றுவிட்ட ஈரத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நீங்களும் வந்து, வயதானவர், மயக்கம் வந்திருக்கும், விபத்து என்று எழுதிக்கொண்டு போனீர்கள்.

சரி, மீன் போனது, பாதாளமும் போனது. உண்மையையாவது சொல்வோம் என்று நேற்று கடையில் சொன்னேன். மூடியைப் பற்றி, மரையைப் பற்றி, நான் வாய் திறக்காததைப் பற்றி, ஒரு சொல் கூட்டாமல் சொன்னேன்.

பாபு என் கையிலிருந்து டம்ளரை வாங்கி வைத்தான். "அண்ணாத்தே, மனுசன் செத்துக்கீறாரு. அதுலயும் உன் கதையா? வுடு, ஊட்டுக்குப் போய்ப் படு," என்றான். பின்னால் யாரோ, "ஒன்ற கிலோ இந்தத் தபா கொலைக்கு ஏறிட்டாருடா" என்றான்.

தட்சிணாமூர்த்தியின் மனைவி மங்களத்திடமும் போய்ச் சொன்னேன். அந்த அம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்களால ஒண்ணுமில்லண்ணே, மனசைப் போட்டு வருத்திக்காதீங்க" என்று அழுதாள். என் வாழ்நாளில் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்ததில்லை. அவள் கையை உதறிவிட்டு இங்கே வந்துவிட்டேன்.

ஏட்டய்யா எப்போதோ பேனாவை வைத்துவிட்டார், நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்களும் சிரிப்பை அடக்குகிறீர்கள், மேடம். டீ வேறு வாங்கிக் கொடுத்து, ஆட்டோ வைத்து அனுப்பப் பார்க்கிறீர்கள். நான் கொன்றேன் என்கிறேன். எருமை பொய், இருபத்தைந்து கிலோ பொய், இது பொய் இல்லை.

இதோ அந்த மூடியும் வளையமும். வளையம், கவிழ்ந்த படகைக் கரையேற்றியபோது கழற்றியது; மூடி, பிறகு நானே இறங்கிச் சேற்றில் காலால் துழாவி எடுத்தது. மேஜை மேல் வைக்கிறேன். வலப்பக்கம் திருப்பிப் பாருங்கள். தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தால் எப்படி? திருப்புங்கள், மேடம். தட்சிணாமூர்த்தியாக இருந்தால் இந்நேரம் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, மரையை எண்ணி, ரவி சொல்வது சரிதான் என்று சொல்லியிருப்பார். அவர் ஒருவர்தான் என்னை நம்பியிருப்பார்.